பெட்டிக்குள் மூன்றாவது ஆள்

அத்தியாயம் 5

தீனாவின் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு இருந்தது. வழக்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள ரமாபாய் வாங்கிக் கொடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் மட்டும் எந்த வழக்கிலும் சேராத ஒரு பட்டியல். திங்கள் 11.10. புதன் 4.25. வெள்ளி 6.40, ஒன்பது நிமிடம். ஆசீர்வாதம் என்கிறவன் ரமாபாயின் செல்போனுக்கு அழைத்த நேரங்கள் அவை.

இதைப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் தீனா கையை ஓங்கியிருப்பான். தொழில் ஜாக்கிரதை என்று அவனாக ஒரு கௌரவமான பெயர் சூட்டி வைத்திருந்தான். ஆனால் வயிறு எரிந்தது நிஜம். ஆறு வருஷமாக ரமாபாய் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன் அவன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று எது வந்தாலும் "தீனா, இத்த பாரு" என்பதுதான் அங்கே வழக்கம். போன மாதம் ஆபீசுக்கு நெட் லைன் கொடுக்க அலைநெட் கம்பெனியிலிருந்து ஆசீர்வாதம் வந்தான். அன்றிலிருந்து ரமாபாய் எதற்கெடுத்தாலும் "ஆசீர்வாதத்தக் கேக்கலாம்" என்கிறாள்.

கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஆபீசில், 2008 ஜூலை மாதத்து சனிக்கிழமை காலையில், இன்னொரு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அது சுடலைராஜின் வயிறு. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு நைலான் கயிறும் தார்ப்பாயும் விற்கிற பெரிய வியாபாரி. இரண்டு நாள் முன்பு வந்து தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டுப் போனவர், இன்று ரயில் டிக்கெட்டோடு வந்திருந்தார்.

"எம்மா, இன்னைக்கு ராத்திரி ஏழே முக்கால் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல எம் பொண்டாட்டிக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஆறு மணிக்கு எம் மாமனாருக்கு போன் அடிச்சு, உங்க மக எதுக்குத் திரும்பி வாரான்னு வெவரமாச் சொல்லிப்புடுவேன். அதுக்குள்ள அந்த மூணாவது ஆளு எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. முடியலைன்னாலும் போன் அடிக்கத்தான் போறேன்."

மாமனார் நாசரேத்தில் சர்ச் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் போன் ஒலித்துவிட்டால் மகிமா அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. ரமாபாய் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால்.

மேஜைமேல் சுடலைராஜ் கொடுத்த அச்சடித்த தாள்கள் கிடந்தன. அவர் வீட்டு நெட் பெட்டியில் ஒரு மாதமாக எந்தெந்தக் கருவி, எந்தெந்த நேரத்தில் சேர்ந்தது என்கிற பட்டியல். ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் எண். முதலாவது ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர். இரண்டாவது, மகிமாவுக்கு அவள் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய லேப்டாப். மூன்றாவது, 7C-E1 என்று முடிகிற எண், யாருடையது என்று தெரியவில்லை.

"மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு வாரான். நான் சாப்ட்டுட்டு அசந்து கெடக்கிற நேரம்! ராத்திரி ஒம்பது பத்துக்கு வாரான். கடைய அடச்சிட்டு வந்து நான் குளிக்கிற நேரம்! ஞாயித்துக்கெழம காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அசையாம உக்காந்திருக்கான். எம்புட்டுத் தைரியம் பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கெயமை அவனுக்கும் லீவு போல கீது சார்" என்றான் தீனா.

ரமாபாய் முறைத்தாள். பிறகு, "லிஸ்டு யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"அலைநெட் கம்பெனிக்காரன்தான். பெட்டியும் அவன் மாட்டுனதுதான்." கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது.

"ஹால்ல கீற கம்ப்யூட்டரை யாரு யாரு தொறப்பீங்க?"

"நான் மட்டுந்தான். அந்தப் பாஸ்வேர்டு எங்க குலசாமிக்குக்கூடத் தெரியாது." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சோப்பு டப்பா அளவுக்கு ஒரு செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். போன மாதம் பர்மா பஜாரில் வாங்கியதாம். மெயில்கூட அதிலேயே வருமாம். தீனாவுக்கு அதைப் பார்த்ததும் அதற்கும் சேர்த்து எரிந்தது.

"இந்த ஒரு மாசமா நான் அவகிட்ட எவ்வளவு அனுசரணையா நடந்திருக்கேன் தெரியுமா? பல்லு வலின்னு அவ வாயத் தொறக்கல. நானாக் கேட்டு நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அப்பவும் இப்படிப் பண்ணிட்டாளே!" பெரிய மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரமாபாய் தாளில் மூன்று தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். ஜூன் 17, 18, 19. அந்த மூன்று நாளும் மூன்றாவது எண் பட்டியலில் இல்லவே இல்லை.

"அவனுக்கு ஜுரம் வந்து பட்த்துகினு இருந்திருப்பான்" என்றான் தீனா.

"வண்டிய எடு" என்றாள் ரமாபாய். "ஆசீர்வாதத்தப் பாக்கணும்."

தீனாவின் பைக்கில் சைலன்சர் ஓட்டை. டி.எச். ரோட்டில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்களே தலையை நீட்டிப் பார்க்கிற அளவுக்கு அது கத்தும். "இத்த சரி பண்ணுன்னு நாலு மாசமா சொல்லிகினு கீறேன்" என்று பின்னாலிருந்து ரமாபாய் கத்தினாள். தீனாவுக்குக் காதில் விழவில்லை. விழாத மாதிரி ஓட்டினான்.

திருவொற்றியூர் தேரடி பக்கம், ஒரு டயர் கடையின் மாடியில் அலைநெட் ஆபீஸ். உள்ளூர் கேபிள் டி.வி. ஆட்கள் சேர்ந்து நடத்துகிற பிராட்பேண்ட் கம்பெனி. ஆசீர்வாதம் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு எழுந்து நின்றான். "வாங்க மேடம்" என்று நாற்காலி போட்டான். இருந்த ஒரே டேபிள் ஃபேனை ரமாபாய் பக்கம் திருப்பி வைத்தான். தீனா வேர்வையில் நனைந்துகொண்டு அந்த ஃபேனையே பார்த்தான்.

ஆசீர்வாதம் தாளைக் கையில் வாங்கிய உடனே உதட்டைப் பிதுக்கினான். "இது நாங்க குடுத்தது இல்ல மேடம். நாங்க நெனச்சாலும் குடுக்க முடியாது."

"ஏன்?"

"எங்களுக்கு ஒரு வூட்டுக்கு ஒரே ஒரு நம்பர்தான் தெரியும். லைன் குடுக்கறப்ப எந்த மெசின்ல குடுத்தோமோ, அதோட நம்பர எழுதிக்குவோம். அந்த நம்பர் வந்தா லைன் ஓடும், வேற எது வந்தாலும் ஓடாது. ரேஷன் கார்டு மாதிரி வெச்சுக்கங்களேன். கார்ட பாத்து அரிசி போடுவோம். வூட்ல எத்தினி பேரு துன்றாங்கன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

"அப்போ இந்த லிஸ்டு?"

"தாளுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு அட்ரஸ் கீது பாருங்க. இது வூட்டுக்குள்ள கீற பெட்டியோட அட்ரஸு. அவங்க சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிகினு கீறாங்க. லிஸ்டு அதுக்குள்ளேர்ந்து எடுத்தது. நாங்க யாருக்கும் பெட்டியே குடுக்கறதில்ல. வெறும் வயரு மட்டும்தான்."

தீனா குறுக்கே புகுந்தான். "வேற நம்பர் வந்தா ஓடாதுன்னியே, அவங்க ரவுட்டர் மட்டும் எப்டி ஓடுது?"

"நல்ல கேள்வி" என்றான் ஆசீர்வாதம். அவன் பாராட்டியது தீனாவுக்கு இன்னும் கசந்தது. "பதிவான கம்ப்யூட்டர்ல உக்காந்து, ரவுட்டரோட பக்கத்தத் தொறந்து, ஒரு பட்டன அமுக்கினா போதும். கம்ப்யூட்டரோட நம்பர ரவுட்டர் தன்மேல எழுதிக்கும். எங்களுக்குப் பாத்தா அதே பழைய கம்ப்யூட்டர்னுதான் தெரியும். சொந்த ரவுட்டர் போடறது ஒண்ணும் தப்பில்ல. ஒரு போன் பண்ணா நாங்களே அந்த நம்பர ஏத்திக் குடுப்போம். ஏன் கமுக்கமா போட்டாங்கன்னுதான் தெரியல."

புகார் ரிஜிஸ்டரைப் புரட்டினான். ஜூன் 5, இரவு 9.50, லைன் வரவில்லை, சொன்னவர் மகிமா. அடுத்த நாள் காலை நேரில் போனபோது, லைன் வந்துவிட்டதாக வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"நேர்ல போனது யாரு?" என்றான் தீனா.

"நான்தான்."

"அந்தம்மா டீ குடுத்தாங்களா?"

"காபி" என்றான் ஆசீர்வாதம் வெள்ளந்தியாக.

தீனாவின் பேனா நோட்டில் பாய்ந்தது. இத்தனை நாளாகத் தேடிய புதையல் கிடைத்தாற்போல் இருந்தது அவனுக்கு. அதனால்தான் அடுத்து நடந்தது அவனை அப்படிச் சுட்டது. கிளம்புகிற நேரத்தில் ஆசீர்வாதம் ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதினான். ரமாபாய் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். தீனாவுக்குக் காட்டவில்லை.

தேரடிக் கரும்புச்சாறு கடையில் நிற்கும்போது தீனா வெடித்தான்.

"மேடம், ஆள் கெடைச்சுட்டான். அந்த நம்பர் மாத்தற வித்தையெல்லாம் தெரிஞ்சவன் யாரு? வூட்டாண்ட போனவன் யாரு? காபி குடிச்சவன் யாரு? மூணுத்துக்கும் ஒரே பேரு. இஸ்திரி சட்டை!"

"சரி, அவனே போட்டான்னு வெச்சுக்கோ" என்றாள் ரமாபாய். "ரவுட்டர்ல நம்பர ஏத்தணும்னா எங்க உக்காரணும்?"

"ஹால் கம்ப்யூட்டர்ல."

"அதுக்குப் பாஸ்வேர்டு?"

தீனாவின் வாயிலிருந்து ஸ்ட்ரா நழுவியது. குலசாமிக்கே தெரியாத பாஸ்வேர்டு.

"அஞ்சாந்தேதி ராத்திரி லைன் போச்சு. புதுப் பெட்டிய மாட்டுனதும் கம்பெனி ஒத்துக்கல, அதான் போச்சு. வெவரம் தெரியாத பொண்டாட்டி கம்பெனிக்குப் போன் போட்டா. வெவரம் தெரிஞ்ச புருசன் ராவோட ராவா பட்டன அமுக்கி சரி பண்ட்டான். காலைல ஆசீர்வாதம் போனா லைன் ஓடிகினு கீது. பெட்டி வாங்குனது, மாட்டுனது, லிஸ்டு எடுத்தது எல்லாமே நம்ம கயித்துக்கடைக்காரருதான். நம்மகிட்டயே டபாய்ச்சுகினு கீறாரு."

"அப்ப அந்த மூணாவது ஆளு? அவன் பொய் இல்லியே, லிஸ்ட்ல கீறானே!"

"பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது. அத்த யோசி." ரமாபாய் டம்ளரை வைத்துவிட்டு நடந்தாள்.

தீனா யோசித்தான். ஆனால் அவன் மனம் அந்த மூன்று தேதிகளை விட்டுவிட்டு, நாலாக மடித்த துண்டுத் தாளையே சுற்றிச் சுற்றி வந்தது.

மாலை நாலே முக்காலுக்கு அவர்கள் கல்மண்டபம் பின்புறத் தெருவில் சுடலைராஜின் மாடி வீட்டில் இருந்தார்கள். ஹால் ஓரத்தில் பூட்டிய துணிப்பெட்டி ஒன்று தயாராக இருந்தது. கம்ப்யூட்டர் மேஜைமேல், ஒற்றை ஏரியலோடு, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது அந்த ரவுட்டர். மகிமா வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள். யார், எதற்கு வந்தார்கள் என்று கேட்கவில்லை. அழுது ஓய்ந்த முகம். டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

"ஆளு யாரு?" என்றார் சுடலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்றேன். ஜூன் பதினேழுலேர்ந்து மூணு நாள் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊருக்குப் போயிருந்தேன். எங்க அண்ணன் மகளுக்குச் சடங்கு."

"வூட்டம்மா?"

"பல்லு புடுங்கியிருந்துச்சு, வரல. இங்கதான் இருந்தா."

"தனியா?"

"தனியாத்தான்."

"சார், நானும் பதினாலு வருசமா இந்தத் தொழில்ல கீறேன்" என்றாள் ரமாபாய். "புருசன் ஊர்ல இல்லாத நேரமா பாத்து வர்றவன எவ்வளவோ பேர பாத்துட்டேன். புருசன் வூட்ல இருந்தா மட்டும் வருவேன், புருசன் ஊருக்குப் போயிட்டா நானும் வரமாட்டேன்னு அடம் புடிக்கிற கள்ளக்காதலன இப்பதான் மொத தடவ பாக்கறேன்."

தீனாவுக்கு மண்டையில் பளிச்சென்று விளக்கெரிந்தது. மத்தியானச் சாப்பாடு. ராத்திரி குளியல். ஞாயிறு முழுக்க. எல்லாமே சுடலைராஜ் வீட்டில் இருக்கிற நேரம்.

"உங்க போன கொஞ்சம் குடுங்க" என்றாள் ரமாபாய்.

அவர் குழப்பத்தோடு அந்தச் சோப்பு டப்பாவை நீட்டினார். ரமாபாய் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த துண்டுத் தாளை எடுத்தாள். தீனா எட்டிப் பார்த்தான். தாளில் கவிதையுமில்லை, காதலுமில்லை. நட்சத்திரம், கட்டம், அப்புறம் வரிசையாகச் சில எண்கள். ரமாபாய் அவற்றைப் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். திரையில் பன்னிரண்டு எழுத்து மின்னியது.

"தீனா, கடைசி நாலு இன்னான்னு படி."

"7C... E1" என்று படித்தவன், "அட நைனா!" என்று கூவிவிட்டான்.

"போன் வாங்கின அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் இது உங்கள ஏதாவது கேட்டுச்சா?"

"ஏதோ நெட்டுல சேரட்டுமான்னு கேட்டுச்சு" என்றார் சுடலைராஜ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஓகேன்னு அமுக்குனேன்."

"அவ்ளோதான். பெட்டிக்குப் பாஸ்வேர்டு பூட்டும் போடல நீங்க. அன்னிலேர்ந்து நீங்க வூட்டுக்குள்ள நொழஞ்சதும், உங்க பாக்கெட்ல கீற போன் மெயில் பாக்க தானா பெட்டியில ஏறிக்குது. ஒரு மாசமா நீங்க கொல பண்ணத் தேடினது உங்களத்தான் சார்." ரமாபாய் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

சுடலைராஜ் ஒரு விநாடி விழித்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆண்டவா! எம் மகிமா தங்கம்! தங்கம்மா அவ!" என்று டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க."

டீத்தட்டோடு மகிமா வாசல்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு ரவுட்டரைக் கையில் எடுத்தாள்.

"கம்பெனிக்காரன் குடுத்ததுன்னுதான சொன்னீங்க?"

சுடலைராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒனக்கு வயர் இல்லாம லேப்டாப் பாக்கணும்னுதான்..."

"நான் பாக்கவா, நான் என்ன பாக்கேன்னு நீங்க பாக்கவா?"

மகிமா ரமாபாயிடம் திரும்பினாள். "நான் என்னென்ன தேடிப் படிச்சேன்னும் இதுல தெரியுமாக்கா?"

ரமாபாய் பொய் சொல்லவில்லை. "எந்தெந்தப் பக்கம் தொறந்தீங்கன்னு தெரியும்."

மகிமா அந்தப் பெட்டியோடு புருஷன் பக்கம் திரும்பினாள். பேச ஆரம்பித்தபோது குரல் உயரவே இல்லை.

"பல்லு வலிக்கு என்ன வைத்தியம்னு ஒரு நாள் தேடுனேன். அன்னைக்கு ராத்திரி நீங்களா வந்து, பல்லு வலிக்குதா மகிமான்னு கேட்டீங்க. கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசத்துல, நான் சொல்லாம எனக்கு ஒண்ணு வலிக்குதுன்னு நீங்க கண்டுபிடிச்சது அதுதான் முத தடவ. எம் முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாவன்னு எங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்னைக்கு எம்புட்டு சந்தோசமா இருந்தேன் தெரியுமா?"

சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு மணிக்கு அடிக்கவிருந்த போன் அவர் கையிலேயே கிடந்தது.

மகிமா ரவுட்டரிலிருந்து வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் நேரே சொருகினாள். ரவுட்டரை அவர் மடியில் வைத்தாள். அவர் விரல்களிலிருந்து டிக்கெட்டை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நீங்க அனுப்பி நான் போகல. எங்கம்மாவப் பாக்கணும் போல இருக்கு, போறேன். திரும்பி வர டிக்கெட்ட நான் எடுத்துக்கிடுதேன். எப்ப வருவன்னு மட்டும் கேக்காதீங்க."

துணிப்பெட்டியைத் தூக்க சுடலைராஜ் எழுந்தார். "இருக்கட்டும்" என்றாள் மகிமா. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறாத டீ நாலும் ஸ்டூல்மேலேயே இருந்தது.

மகிமாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தெருவில் நின்றார்கள் ரமாபாயும் தீனாவும். காசிமேட்டுக் காற்று மீன் வாடையோடு வந்தது. கேஸ் ஜெயித்துவிட்டது. தீனா வழக்கமாக அடிக்கிற ஜோக் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பாவம் மேடம் அந்தாளு" என்றான் கடைசியில். "ஒரு லிஸ்ட வெச்சுகினு ஒரு மாசமா வெந்துகினு இருந்திருக்காரு."

"ஆமா" என்றாள் ரமாபாய். "உன் நோட்டு கடைசிப் பக்கத்துல கீற லிஸ்டுல எத்தினி வரி ஆச்சு?"

தீனாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்தைக் கிழித்தான். சுக்கலாக்கிச் சாக்கடையில் போட்டான்.

"அவன் எதுக்கு மேடம் உன்கிட்ட அவ்ளோ நேரம் பேசறான்?" கேட்டே விட்டான்.

"சொல்ல மாட்டேன்."

"சும்மா சொல்லேன்."

"சொல்லவே மாட்டேன் தீனா. கேக்காம உன்னால இருக்க முடியுதான்னு பாக்கறேன்."

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த செல்போன் அடித்தது. திரையில் பெயர் தெரிந்தது. தெரியக் கூடாது என்று தீனா முகத்தைத் திருப்புவதற்குள் தெரிந்துவிட்டது. ரமாபாய் பச்சைப் பட்டனை அமுக்கி, "சொல்லுங்க ஆசீர்வாதம்" என்றாள்.

தீனா பைக்கிடம் போனான். ஓங்கி ஓர் உதை விட்டு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகினான். தெருவே அதிர்ந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நாலு மாதமாக அந்தச் சைலன்சரை ரிப்பேர் செய்யாமல் விட்டதற்கு அவன் முதல் தடவையாக சந்தோஷப்பட்டான்.